அப்பாவின் மறதியும் நின்றுபோகும் நடையும்: புதிய மாத்திரைக்கு முன் பழைய மருந்துச்சீட்டைப் பாருங்கள்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தந்தைக்கு வயது 72. ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து எடுத்துவருகிறார். கடந்த ஓராண்டாகக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பதும் முன்தினம் வந்துபோனவரின் பெயரும் உடனே நினைவுக்கு வருவதில்லை. நடந்துகொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடுகிறார்; வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. “இது அல்சைமரா? நினைவாற்றல் மாத்திரை வாங்கித் தரலாமா? ஸ்டெம் செல் சிகிச்சை செய்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் ஆறு லட்சம் கேட்கிறார், கொடுக்கலாமா?” என்பவை அவருடைய கேள்விகள்.

ஆறு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். நினைவாற்றல் மாத்திரையையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். அல்சைமராக இருக்கும் வாய்ப்பு, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், குறைவு.

மறதியையும் நடையையும் நீங்கள் இரண்டு தொல்லைகளாக எழுதியிருக்கிறீர்கள். பார்க்கின்சன் நோயில் அவை பெருமளவு ஒன்றோடொன்று பின்னியவை. நமக்கெல்லாம் நடை தானாக நிகழ்கிறது. மூளையின் ஆழத்திலுள்ள நரம்புக் கருக்கள் டோபமின் என்ற வேதிப்பொருளின் துணையோடு அதைக் கவனித்துக்கொள்வதால், அடுத்த அடியை எங்கே வைப்பது என்று நாம் யோசிப்பதில்லை. டோபமின் குறையும்போது அந்தத் தானியங்கும் தன்மை போய்விடுகிறது; ஒவ்வோர் அடியையும் கவனம் செலுத்தி எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. ஆனால், பேசுவதற்கும் பெயரை நினைவிலிருந்து எடுப்பதற்கும் அதே கவனம்தான் தேவை. ஒரே எழுத்தர் இருக்கும் அஞ்சலகத்தில் இரண்டு வரிசைகள் நின்றால் ஒன்று நகரும்போது மற்றொன்று நிற்கத்தான் செய்யும். உங்கள் தந்தை பேச்சைக் கேட்டதும் நின்றுவிடுவதற்குக் காரணம் இதுவே. பிடிவாதமோ சோம்பலோ அல்ல.

ஆகவே அவர் நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். “பார்த்து, படி இருக்கிறது” என்று அக்கறையோடு சொல்வதுகூட அந்த நொடியில் அவரைத் தடுமாற வைக்கலாம்; சொல்ல வேண்டியதை அவர் எழுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கையில் தம்ளரையோ தட்டையோ கொடுத்து நடக்கவிடாதீர்கள். கால் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், விழுந்துவிடுவார். முழுவதுமாக நின்று, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி, “ஒன்று, இரண்டு” என்று எண்ணி அடியெடுக்கச் சொல்லுங்கள். வாசற்படிக்கு முன் தரையில் பளிச்சென்ற நிறத்தில் குறுக்கே சில பட்டைகளை ஒட்டிவைத்தால், அவற்றைத் தாண்டும் எண்ணத்திலேயே கால் எழும்பும்.

மறதியைப் பொறுத்தவரை வீட்டிலேயே ஒன்றைக் கவனிக்கலாம். பெயர் வராமல் திணறும்போது முதல் எழுத்தையோ ஏதேனும் ஒரு குறிப்பையோ கொடுத்துப் பாருங்கள். பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் செய்தி மூளையில் பதிந்தே இருக்கிறது, எடுப்பதில்தான் தாமதம். குறிப்பு கொடுத்தால் வந்துவிடும். அல்சைமரில் பதிவே சரியாக நிகழ்வதில்லை என்பதால் குறிப்பு அவ்வளவாக உதவுவதில்லை. இந்த வேறுபாட்டை எம்ஆர்ஐ படம் காட்டித் தராது. நேரம் ஒதுக்கிப் பேசிப் பார்த்தால்தான் தெரியும்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. உங்கள் தந்தையின் மருந்துச்சீட்டில் டிரைஹெக்சிஃபெனிடில் என்ற பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கை நடுக்கத்தைக் குறைப்பதற்காகப் பல பத்தாண்டுகளாக எழுதப்பட்டுவரும் மலிவான மாத்திரை அது. மூளையில் நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை அது தடுக்கிறது. எழுபதைத் தாண்டியவருக்கு அதைக் கொடுத்தால் மறதி, குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு எல்லாம் வரக்கூடும். வீட்டார் அதை நோய் முற்றிவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். எப்போதோ ஒருவர் எழுதிய சீட்டை அடுத்தடுத்த மருத்துவர்கள் ‘அதையே தொடரவும்’ என்று எழுதி அனுப்புவதும், மருந்துக்கடையில் கேள்வியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கொடுப்பதும் இன்றும் நடக்கின்றன. நெரிசலான புறநோயாளர் பிரிவில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் பழைய சீட்டை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. படிக்காமல் விடுவதன் விலையை நோயாளி கொடுக்கிறார்.

அது மட்டுமல்ல. தலைசுற்றலுக்குக் கடையில் தாமாக வாங்கும் சின்னரிசின், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு ஆகியவை டோபமினைத் தடுத்து நடையை மோசமாக்கும். சளி மருந்துகள் பலவற்றிலுள்ள குளோர்பெனிரமின், உறக்கத்துக்கான அல்பிரசோலாம் ஆகியவை குழப்பத்தையும் விழுதலையும் கூட்டும். இவற்றை நீக்குவதால் கிடைக்கும் தெளிவு எந்த நினைவாற்றல் மாத்திரையிலும் கிடைக்காது. ஜிங்கோ, சிட்டிகோலின், பிராசெட்டம் என்று விற்கப்படுபவை பார்க்கின்சன் நோயாளியின் நினைவைக் காக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டிரைஹெக்சிஃபெனிடிலை மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பார்க்கின்சன் நோயின் முக்கிய மருந்தான, மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தான விறைப்பும் காய்ச்சலும் வரலாம்.

இதுவரை சொன்னது மாதக்கணக்கில் மெல்ல வந்த மறதிக்குப் பொருந்தும். இரண்டு மூன்று நாட்களுக்குள் குழப்பம் வந்தால், நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று வீட்டாரை அடையாளம் காணவில்லை என்றால், அதைப் பார்க்கின்சன் மறதி என்று எண்ணிக் காத்திருக்கவே கூடாது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நாட்கணக்கில் மலம் போகாமை, கோடையில் நீர் வற்றுதல், ரத்தத்தில் சோடியம் குறைதல், புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். காய்ச்சல் இல்லை என்பதால் தொற்று இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். சில வாரங்களுக்கு முன் கீழே விழுந்து தலையில் அடிபட்டிருந்தால், அப்போது ஒன்றும் தெரியாவிட்டாலும், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் இடையே ரத்தம் மெல்லக் கசிந்து தேங்கியிருக்கலாம்; ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். இவற்றில் பல குணப்படுத்தக் கூடியவை, அன்றே மருத்துவமனைக்குப் போனால். அங்கே சேர்க்கப்பட்டாலும் லெவோடோபா வேளை தவறக் கூடாது. வார்டில் எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் நேரம் வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் உடல் கட்டையாகிவிடும். நேரத்தை எழுதிப் படுக்கையருகே ஒட்டிவைத்து, ஒவ்வொரு வேளையும் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டெம் செல் முகவர்கள் காட்டும் செய்திக் கத்தரிப்புகள் பெரும்பாலும் உண்மையான ஆய்வுகளைப் பற்றியவை, அதுதான் பொறி. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2018-ல் தொடங்கிய ஆய்வில், ஆய்வகத்தில் வளர்த்த செல்களை அறுவைசிகிச்சை மூலம் நேரடியாக மூளைக்குள் வைத்தார்கள். ஏழே பேருக்கு, ஆண்டுக்கணக்கான கண்காணிப்போடு. கையிலோ முதுகெலும்பிலோ ஊசிபோட்டு ஏற்றும் திரவத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், சில ரத்த நோய்களுக்கான, ஏற்கப்பட்ட ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைகள் (எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை) தவிர, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லை நோயாளிக்குச் செலுத்துவதை ஏற்பதில்லை. முறையான ஆய்வில் சேரும் நோயாளியிடம் யாரும் ஆறு லட்சம் கேட்க மாட்டார்கள். நெறிகள் வந்து இத்தனை ஆண்டுகளாகியும் இந்த விற்பனை வெளிப்படையாக நடக்கிறது, நகையை விற்றுப் பணம் கட்டிய குடும்பங்கள் எங்களிடம் வந்து அழுகின்றன. பூனைக்காலி விதைப் பொடி விற்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை: அந்த விதையில் லெவோடோபா உண்மையாகவே இருக்கிறது, எவ்வளவு என்பது பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும். மாத்திரையோடு சேரும்போது அளவு மீறிப் பிரமைகள் தோன்றலாம்.

மறதியைக் கூட்டும் மருந்துகளைக் களைந்த பிறகும் மறதி அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால், ரிவாஸ்டிக்மின் என்ற மருந்தை மருத்துவர் பரிந்துரைக்கலாம். பயன் மிதமானதே; குமட்டலும் சற்றே கூடுதல் நடுக்கமும் வரலாம். ஆனால் 2016-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில் இதே மருந்து பார்க்கின்சன் நோயாளிகளின் நடையைச் சீராக்கியதும் தெரியவந்தது. உடற்பயிற்சியை மருந்துக்கு இணையாகவே கருதுங்கள்; தாய்ச்சி என்ற, மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சி சமநிலையை மேம்படுத்தி விழுதலைக் குறைப்பதாக 2012-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. உங்கள் ஊரில் அது கிடைக்காவிட்டால் இயன்முறை மருத்துவரிடம் சமநிலைப் பயிற்சி கேளுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சீட்டை மட்டும் கொண்டுபோகாமல், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், மருந்துக்கடையில் தாமாக வாங்கியவை உட்பட. ரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் தடுமாற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம். மோகா எனப்படும் நினைவுத் திறன் சோதனை தமிழிலும் இருக்கிறது, பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஆகும். நேரமில்லை என்று சொன்னால், எந்த நாளில் வந்தால் செய்வீர்கள் என்று கேட்டு, தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.