குடும்பத்துக்காகவே வாழ்ந்த ஒரு பெண்ணை எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள்?

மனைவியாக, அம்மாவாக, பாட்டியாக குடும்பத்துக்காகவே வாழ்ந்து மறைந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது என் அம்மாயிதான், அம்மாவைப் பெற்றவர்.

அவர் இறந்தபோது ஒட்டிய போஸ்டரிலும் எல்லாருக்கும் போடுகிற அதே வரிதான், 'குடும்பத்தின் ஒளிவிளக்கு' என்று. படித்திருந்தால் அம்மாயியே சிரித்திருப்பார். குடும்பத்துக்காக வாழ்ந்தார் என்றதும் பலருக்கு அடுப்படிதான் கண்ணில் வருகிறது, எங்கள் அம்மாயியோ விவரம் தெரிந்த வயதிலிருந்து முழங்கால் முடியாமல் போகும்வரை தேயிலைக் கொழுந்து பறித்துச் சம்பளம் வாங்கியவர், சமையலெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்.

பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். 1948 குடியுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போன மலையகத் தமிழர்களை நாடில்லாதவர்கள் ஆக்கியது, 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள், மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு 1974இல் அவர்களையும் பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள். தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அம்மாயியின் அம்மாவும் தம்பி தங்கைகளும் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அம்மாயியை யாரும் கேட்கவில்லை. "அவரு பேரு போட்ட ஃபாரத்துல நானும் இருந்தேன், அம்புட்டுதான்" என்பார், அதில் கோபம் இருந்ததா என்று கேட்டால் வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிடுவார்.

1975இல் கிளம்பினார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் தோட்டங்களில் பெரிய பஞ்சம், கோதுமை மாவுக்கே வழியில்லாத காலம். தலைமன்னார் போகிற அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பேர். ஏறுகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்து அழ, வண்டி நகர்ந்த பிறகும் கையை விடமாட்டார்களாம். அங்கிருந்து ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், பிறகு திரும்பி வந்தவர்களைத் தங்க வைத்த மண்டபம் முகாம். தன் அம்மாவை அவர் அதற்கப்புறம் பார்க்கவே இல்லை.

கணவன் சொல் தட்டாத மனைவி என்று இதை வைத்துச் சொல்லலாம், சொன்னார்கள். ஆனால் மண்டபத்தில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாத்தாவுக்கு வியாபாரக் கடன் வாங்கி எங்காவது கடை போட ஆசை. அம்மாயி ஒரே பிடியாக நின்றார். "தராசு பிடிக்கத் தெரியுமா ஒமக்கு? எனக்குக் கொழுந்து தெரியும், கொழுந்து இருக்கிற எடத்துக்குப் போவோம்." அப்படித்தான் நீலகிரியின் சேரம்பாடிக்கு வந்தார்கள், தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு ஆரம்பித்த டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு. கடனை நம்பி வெயில் ஊர்களுக்குப் போன பலர் பழக்கமில்லாத தொழிலில் முதலைத் தொலைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போனார்கள், தாத்தாவின் சொந்த அண்ணன் உட்பட. தாத்தா இதைக் கடைசிவரை வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் பணம் அம்மாயியின் முந்தானையில்தான் இருந்தது.

அம்மாவாக எப்படி என்றால், கொஞ்சுகிற ஆள் கிடையாது. விடிவதற்குள் எழுந்து ரொட்டி தட்டி, தேங்காய்ச் சம்பல் அரைத்து, பால் விடாத தேநீரான சாயத் தண்ணி வைத்துவிட்டு இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினால், அட்டை கடித்த காலோடு சாயங்காலம்தான் திரும்புவார், இதில் பேச எங்கே நேரம். அங்கே தென்மேற்குப் பருவமழை பிடித்தால் விடாது, அதிலும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆனால் என் அம்மா வயதுப் பெண்கள் ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்தபோது, அம்மாயி மட்டும் முடியாது என்றுவிட்டார். ஏன் பதியவில்லை என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கேட்டார், தாத்தாவும் கேட்டார். ஆட்டை விற்று, சீட்டுப் போட்டு, அம்மாவைப் பத்தாவது முடிக்க வைத்தார். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் அம்மாவுக்கு அங்கன்வாடி வேலை கிடைத்தது, எங்கள் தலைமுறை முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

எனக்குத் தெரிந்த அம்மாயி வயதானவர். இலங்கையிலிருந்து தம்பி எழுதும் கடிதத்தை என்னைத்தான் படிக்கச் சொல்வார், பதிலும் நான்தான் எழுத வேண்டும். யாருக்கும் உடம்பு சரியில்லை என்று எழுதவே விடமாட்டார். தாத்தா பக்கவாதத்தில் படுத்த வருடங்களில்கூட 'அனைவரும் நலம்' என்றுதான் போனது, இந்தப் பக்கம் மனுசனைத் திட்டிக்கொண்டே துடைத்துவிடுவார், திட்டிக்கொண்டே ஊட்டிவிடுவார். அக்கம்பக்கத்தார் "நீ தெய்வம்மா" என்றால் எரிச்சல் வரும், "தெய்வத்துக்கு இடுப்பு வலிக்குமா?" என்பார்.

பிறகு வாட்ஸ்அப் வந்தது. தங்கச்சியை அத்தனை வருடம் கழித்து முதன்முதலாக வீடியோவில் பார்த்தபோது நாங்களெல்லாம் பெரிய அழுகையை எதிர்பார்த்துச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேரும் என்ன சமைத்தாய் என்று கேட்டுக்கொண்டார்கள், அங்கே மழையா என்று கேட்டுக்கொண்டார்கள், வைத்துவிட்டார்கள். மறுநாளும் அதேதான்.

குறையே இல்லாதவர் என்று எழுத மனசு வரவில்லை. பேரன்களுக்கு ஒரு கண், பேத்திகளுக்கு ஒரு கண். கோழி முட்டை போட்டால் அது மாமா பையனுக்கு, எனக்கு ரசம். தன் மகளைப் படிக்க வைக்க ஊரையே எதிர்த்தவர் முட்டை விஷயத்தில் ஏன் இப்படி என்று நேரிலேயே கேட்டிருக்கிறேன். "நீ சாமர்த்தியசாலி, பொழச்சுக்குவே, அவன் தாங்கமாட்டான்" என்றார். கருமாதி அன்று இதை மாமா பையனிடம் சொல்லிக் காட்டினேன். இலையில் தனக்கு வைத்த வடையைப் பிட்டுப் பாதியை எனக்குக் கொடுத்தான், அதுவும் சின்னப் பாதி.