மூச்சை அடைத்தால் வண்டு செத்துவிடுமா?

கேள்வி: தானிய டிரம்முக்குள் மெழுகுவத்தி ஏற்றி மூடினால், ஆக்சிஜன் தீர்ந்து வண்டெல்லாம் செத்துவிடும் என்கிறார்களே?

பதில்: சாகாது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே மெழுகுவத்தி அணைந்துவிடும். அந்தக் காற்றில் வண்டுக்கு ஒரு குறையும் இல்லை. 3 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அதற்கு நெருக்கடி. நைட்ரஜன் செலுத்திக் கொல்வதானால் 1 சதவீதத்துக்கும் கீழே இறக்கி, நாள்கணக்கில் அங்கேயே நிறுத்த வேண்டும்.

கேள்வி: ஆக்சிஜன் குறைவதும் கார்பன் டை ஆக்சைடு கூடுவதும் ஒன்றுதானே?

பதில்: இல்லை, இரண்டும் வேறு வேறு வழியில் கொல்கின்றன. பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. உடலின் இரு பக்கமும் வரிசையாக மூச்சுத்துளைகள் உண்டு. வேண்டும்போது திறந்து, மற்ற நேரம் மூடிக்கொள்ளும். உடம்பின் ஈரம் வீணாகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. உலர்ந்த தானியக் குவியலில் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு கூடினால் அந்தத் துளைகள் மூடாமல் திறந்தே கிடக்கும். ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். உடல் திரவத்திலும் அமிலத்தன்மை ஏறும். அதனால்தான் 60 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருந்தால், மிச்சக் காற்றில் 8 சதவீதம் ஆக்சிஜன் இருந்தும் பூச்சி பிழைப்பதில்லை.

ஆக்சிஜன் குறைவது வேறு கதை. தின்ற மாவுச்சத்தை ஆக்சிஜனோடு எரித்துத்தான் பூச்சி தனக்கான தண்ணீரைப் பெறுகிறது. பயறு வண்டின் புழு 2, 3 சதவீத ஆக்சிஜனில் தின்பதையே நிறுத்திவிடும். பிறகு மெல்ல வறண்டு சாகும். மூச்சுத்திணறல் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு தாகம்தான்.

கேள்வி: கார்பன் டை ஆக்சைடு செலுத்தி மூன்று நாளாகிறது. வண்டுகள் அசையவே இல்லை. திறக்கலாமா?

பதில்: தயவுசெய்து திறக்காதீர்கள். நானும் இப்படி அவசரப்பட்டவன்தான். கால் மடக்கிக் கிடந்த கூன்வண்டுகளைக் காகிதத்தில் கொட்டி வைத்தேன். சற்று நேரத்தில் ஒன்றின் உணர்கொம்பு அசைந்தது, பிறகு எல்லாம் நடந்தன. அது சாவு அல்ல, மயக்கம். மணிக்குள் இருக்கும் கூட்டுப்புழு இன்னும் அதிகம் தாங்கும். தானியத்தின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால், வாயுவை முதலில் 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றி, 35 சதவீதத்துக்குக் குறையாமல் 15 நாள் வைத்திருங்கள். குளிர்ந்த தானியத்தில் பூச்சி மெதுவாகத்தான் மூச்சுவிடும், நாள் கூடும். உறங்குநிலையில் உள்ள கப்ரா வண்டின் புழு எல்லாவற்றையும்விடப் பிடிவாதமானது.

கேள்வி: காற்றுப்புகாப் பை மட்டும் போதுமா?

பதில்: போதும். பூச்சிகளே மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பூச்சி குறைவாக இருந்தால் தாமதமாகும். பையை வாய்வரை நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றைப் பிதுக்கிவிட்டு இறுகக் கட்டுங்கள். தானியத் துளைப்பான் என்ற வண்டு பையையே துளைக்கும். அடிக்கடி தடவிப் பாருங்கள்.

கேள்வி: விதை முளைக்குமா?

பதில்: நன்றாகக் காய்ந்த விதை முளைக்கும். ஈரத்தோடு அடைத்தால் புளித்து நாறும், முளைப்பும் போகும்.

கேள்வி: வாயு செலுத்திய கிடங்குக்குள் உடனே இறங்கலாமா?

பதில்: கூடவே கூடாது. ஆக்சிஜன் குறைந்த காற்றுக்கு மணமில்லை, இரண்டு மூன்று மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடலாம். நன்றாகக் காற்றோட விட்டு, கருவியால் ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் அளந்த பிறகே இறங்குங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால், சுவாசக் கருவி இல்லாமல் அவரைத் தூக்க இன்னொருவர் இறங்க வேண்டாம்.