உறைந்த ஏரியில் ஸ்பூன் தூண்டில்: கேள்விகளும் பதில்களும்

தேவனாம்பட்டினத்தில் தந்தையாரின் படகில் கைத்தூண்டில் போட்டு வளர்ந்த நான், பிழைப்புக்காகக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருந்த பதினொரு குளிர்காலங்களிலும் வார இறுதி தவறாமல் உறைந்த ஏரியின்மேல் துளையிட்டு மீன் பிடித்தேன். இப்போது கடலூருக்கே திரும்பிவிட்டேன். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் அங்கே படிக்கவும் வேலைக்கும் சென்றிருக்கும் பிள்ளைகளும், இங்கிருக்கும் சிலரும் கேட்டவற்றுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன். ஸ்பூன் என்பது கரண்டியின் குழிபோல் லேசாக வளைந்த உலோகத் தகடு. அதன் அடியில் முள் தொங்கும். வால்ஐ என்ற பெயரைக் கேட்டு நம் வாளை மீனை நினைத்துவிட வேண்டாம். அது பெர்ச் குடும்பத்தைச் சேர்ந்த நன்னீர் மீன்.

புதுச்சேரியிலிருந்து சென்ற மாணவர்: ஸ்பூனை விடாமல் மேலும் கீழும் ஆட்டுகிறேன். வால்ஐ அருகில் வருவது, நீருக்கடியில் மீனைக் காட்டும் சோனார் கருவியில் தெரிகிறது. ஆனால் கடிக்காமல் போய்விடுகிறது. ஏன்?

விடாமல் ஆட்டுவதுதான் காரணம், தம்பி. பனிக்கட்டியை ஒட்டிய நீர் சுழிய டிகிரியிலும், ஏரியின் அடிநீர் அதிகம் போனால் நான்கு டிகிரியிலும் இருக்கும். அந்தக் குளிரில் மீனின் உடல் மெதுவாக இயங்குவதால், ஓடுகிற இரையைத் துரத்தி வலுவைச் செலவிட அதற்கு மனம் வராது. மேலே இழுக்கும் அசைவு மீனைத் தூரத்திலிருந்து அழைத்து வருவதற்கு. அது வாயைத் திறப்பது ஸ்பூன் விழும்போதோ, விழுந்து நிற்கும்போதோதான்.

ஸ்பூன் தரையைத் தொட்டதும் அரை அடியோ ஓர் அடியோ மேலே தூக்கி நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கிருந்து மணிக்கட்டை மட்டும் அசைத்து ஓர் அடி உயர்த்தி, உடனே கோலின் நுனியைத் தாழ்த்துங்கள். இந்தத் தாழ்த்தலில்தான் வித்தை இருக்கிறது. நரம்பை, அதாவது தூண்டில் இழையை, இறுக்கமாகப் பிடித்தபடி இறக்கினால் ஸ்பூன் ஈயக்குண்டு போல நேராக இறங்கிவிடும். முழுக்கத் தளரவிட்டால் அழகாகப் புரண்டு விழும், ஆனால் கடி உங்கள் கைக்கு வராது. ஆகவே நுனி ஸ்பூனுக்குச் சற்று முன்னால் இறங்க வேண்டும். நரம்பில் சிறு தொய்வு மட்டும் இருக்க வேண்டும். அதன்பின் ஐந்து முதல் பத்து நொடி அசைக்காதீர்கள். வந்த மீன் முறைத்துக்கொண்டே நின்றால், ஸ்பூனை அதன் தலைக்குக் கீழே இறக்காமல், முள்ளில் செருகிய இரை மட்டும் நடுங்கும் அளவுக்கு ஆட்டி, ஒரு சாண் உயரத்துக்கு மெல்லத் தூக்குங்கள். கூடவே மேலே வருகிற மீன் பெரும்பாலும் கடிக்கும். ஆரம்பத்தில் பலர் செய்வதுபோல அப்போது வேகமாகக் குலுக்கினால் போய்விடும். நானும் முதல் குளிர்காலம் முழுவதும் அப்படித்தான் இழந்தேன்.

வீராம்பட்டினத்து இளைஞர், இப்போது டொரான்டோவில்: சிம்கோ ஏரியில் பெர்ச் மீன் இரையைத் தின்றுவிட்டுப் போகிறது, கடித்ததே எனக்குத் தெரிவதில்லை.

நரம்பு இழுபடும் என்று காத்திருப்பதால் தெரியவில்லை. தந்தையார் எனக்குக் கைத்தூண்டில் பழக்கியபோது, நரம்பை ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பில் தொங்கவிட்டு, "இழுத்தால் மட்டும் மீன் இல்லை, கனம் குறைந்தாலும் மீன்தான்" என்று சொல்வார். பெர்ச் இரையை வாய்க்குள் உறிஞ்சிக்கொண்டு ஓர் அங்குலம் மேலே எழும்பும். அந்த நொடியில் ஸ்பூனின் கனத்தை உங்களுக்குப் பதில் மீன் சுமப்பதால், விரலில் இருந்த சிறு பாரம் சட்டென்று காணாமல் போகும். அப்போதே மணிக்கட்டால் தூக்க வேண்டும். கையுறையோடு இதை உணர முடியாது. ஒரு விரலையாவது வெளியே விடுங்கள், குளிர் பொறுக்காவிட்டால் கோல் நுனியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்றைப் பொருத்தி, அது நிமிர்கிறதா என்று பாருங்கள்.

ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். முப்பது அடிக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து வேகமாக ஏற்றிய பெர்ச்சின் காற்றுப்பை விரிந்துவிடும். திரும்ப விட்டாலும் பல பிழைக்காது. சிறு மீன்களை விட்டுவிட எண்ணுபவர்கள் ஆழம் குறைந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேட்டவர்கள் பலர்: எந்த எடை, எந்த நிறம்?

பெர்ச்சுக்கு இரண்டு முதல் மூன்றரை கிராம், வால்ஐக்கு மூன்றரை முதல் ஏழு கிராம். தெளிந்த நீரில் பகலில் வெள்ளி, கலங்கிய நீரில் பொன்னிறமோ ஆரஞ்சோ, இருட்டில் ஒளிரும் பூச்சு. நிறத்தைவிட எடையும் விழும் விதமும் முக்கியம் என்பது என் முடிவு. முள்ளில் சிறுமீனின் தலையைச் செருகுங்கள். முழு மீனைச் செருகினால் ஸ்பூனின் புரளல் கெட்டுவிடும். நரம்பு முறுக்கேறாமலிருக்க ஒன்றரை அடி மேலே சிறு சுழலி கட்டுங்கள்.

நல்லவாடு வாசகர்: எந்த நேரம் நல்லது?

வால்ஐயின் கண்ணில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால், மற்ற மீன்களுக்கு இருட்டாக இருக்கும் நேரத்தில் அது நன்றாக வேட்டையாடும். ஒன்டாரியோவின் குயின்டே வளைகுடாவில் பகல் முழுதும் சும்மா இருந்த துளைகள், சூரியன் மறையும் ஒரு மணி நேரத்தில் உயிர்பெறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெர்ச் பகல் மீன், கூட்டமாகத் திரியும். ஸ்பூனால் தரையை இரண்டு மூன்று முறை தட்டிச் சேற்றைக் கிளப்பி, உடனே ஒரு சாண் தூக்கி நிறுத்தினால், புழு கிளம்பியதென்று கூட்டம் வந்து சேரும். கால் மணி நேரத்தில் ஒன்றும் வரவில்லையென்றால் அடுத்த துளைக்குப் போய்விடுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தாய்: என் மகன் ஏரியின்மேல் நடந்துபோவதாகச் சொல்கிறான். உடையாதா?

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. தெளிந்த, புதிய பனிக்கட்டி நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் ஆள் நடக்கலாம். பனி பொழிந்து வெண்மையாக உறைந்ததற்கு அதில் பாதி வலுத்தான். ஆறு கலக்கும் இடத்திலும் நீரோட்டம் உள்ள இடத்திலும் ஒரே ஏரியில்கூடக் கனம் மாறும். தனியாகப் போகக் கூடாது, போகப் போகத் துளையிட்டு அளந்து பார்க்க வேண்டும், விழுந்தால் பனியைக் குத்திப் பற்றி ஏறுவதற்கு இரண்டு கூர்முனைப் பிடிகளைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று மகனிடம் சொல்லுங்கள். இம்மூன்றையும் அவர் செய்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சோனாங்குப்பத்துத் தம்பி: அந்த ஸ்பூனை நம் கடலில் போடலாமா?

அதையே போட முடியாது. பனியில் துளை நகராது; நரம்பு எப்போதும் செங்குத்தாக நிற்கும். நம் பைபர் படகோ காற்றிலும் நீரோட்டத்திலும் நகர்ந்துகொண்டே இருப்பதால், ஐந்து கிராம் தகடு தரையையே தொடாது. பத்துப் பதினைந்து பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) ஆழத்துக்கு நாற்பது முதல் நூறு கிராம் வரை உள்ள ஜிக் என்ற கனமான உலோகத் தூண்டில் வேண்டும். நம் நீர் வெதுவெதுப்பானது. பாறை மீனும் வஞ்சிரமும் ஓடுகிற இரையைத் துரத்துபவை. ஆகவே அங்கே பத்து நொடி நிறுத்துவதுபோல இங்கே நிறுத்தினால் வேலைக்கு ஆகாது. ஐந்தாறு முறை விரைந்து இழுத்து ரீலைச் சுற்றி, பிறகு சிறு தொய்வோடு விழவிட வேண்டும். அந்த விழுதலில் கடிப்பது மட்டும் இங்கும் அங்கும் ஒன்றுதான். சீலாவும் வஞ்சிரமும் பல்லால் நரம்பை அறுத்துவிடும் என்பதால் முனையில் ஒரு சாண் கம்பி கட்டுங்கள். நரம்பு சாய்ந்து தூரமாகப் போய்விட்டால், நீங்கள் தூக்குவது ஜிக்கை உயர்த்தாது, பக்கவாட்டில் இழுக்கும். அப்போது முழுவதையும் சுற்றியெடுத்து, படகு நகரும் பக்கமாக மறுபடி எறிந்து, தரை தட்டும்வரை எண்ணிக்கொண்டே இறக்குங்கள். முன்பு தரை தட்டிய எண்ணிக்கை வருமுன் நரம்பு தளர்ந்தால் தரை தட்டிவிட்டதென்று நினைக்காதீர்கள். உடனே சுற்றி இறுக்குங்கள், பாதி வழியில் மீன் வாங்கியிருக்கிறது.