லண்டன் அண்ணையின் காரும் மாங்குளத்து மோட்டார்சைக்கிளும்

கேள்வி: ஐயா, லண்டனில் இருக்கும் என் அண்ணையின் கார்க் கண்ணாடியில் வரிப்பத்திரமே இல்லை. எல்லாம் கம்பியூட்டர் பார்க்குமாம். நாங்களும் அப்படி மாறினால் வரி கட்டாமல் ஓடுகிறவர்கள் குறைவார்கள்தானே? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: அண்ணை சொன்னது சரி, மிச்சத்தைச் சொல்லவில்லைப் போலும். பிரித்தானியாவில் 1921 முதல் ஒட்டிவந்த வட்டப் பத்திரத்தை 2014 ஒக்டோபரில் நிறுத்தினார்கள். 2013இல் வரியில்லாமல் ஓடிய வாகனங்கள் நூற்றுக்கு 0.6. அது 2015இல் 1.4, 2017இல் 1.8 ஆனது. வாகனத்தை விற்றால் பழைய வரி கூடவே போகாது, வாங்குகிறவர் புதிதாகக் கட்டவேண்டும் என்றும் அப்போதே மாற்றினார்கள். அதைக் கவனிக்காமல் மாட்டியவர்களும் உண்டு. இத்தனைக்கும் அங்கே கமெரா இலக்கத்தகட்டைப் படிக்கிறது, வீட்டுக்குக் கடிதம் வருகிறது.

இங்கே அந்தக் கடிதம் யார் வீட்டுக்குப் போகும்? நான் பிரதேச செயலகத்தில் வரிப்பத்திரக் கருமபீடத்தில் இருந்தவன். மோட்டார்சைக்கிளுக்கு வரி கட்ட வருகிறவர் மாங்குளத்துக்காரராக இருப்பார், வாகனப் பதிவுப் புத்தகத்திலோ குருநாகல்காரர் பெயர் இருக்கும். இடையில் எத்தனை கை மாறியதோ! விற்றவர் கையொப்பம் வைத்த வெற்றுப் பெயர் மாற்றப் படிவம் மட்டும் பைக்குள் கசங்கிக் கிடக்கும். அப்படியிருந்தும் இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் கொண்டு வந்து ஒழுங்காகக் கட்டுகிறவர்களைக் கும்பிட வேண்டும். மற்றவர்கள் பொலிஸ் மறிக்காத ஒழுங்கையால் போய்விடுவார்கள். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் பதிவு வந்தபோதுதான் பலர் அந்தப் புத்தகத்தைத் தேடியெடுத்துச் செசி இலக்கம் பார்த்தார்கள்.

ஆகவே முதலில் பெயர் மாற்றத்தை அதே கருமபீடத்தில் முடித்துக் கொடுக்கட்டும், பழைய தண்டப்பணத்தை ஒரு தடவை தள்ளுபடி செய்யட்டும். பத்திரத்தை எடுப்பதை அப்புறம் பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால் பெயர் மாற்றம் கொழும்பு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வேலை, வரிப்பணம் மாகாண சபைக்கு. இரண்டு வீட்டாரும் மற்றவர் செய்யட்டும் என்று பார்த்திருக்கும் கலியாணம் இது.

கேள்வி: வரியைப் பெற்றோல், டீசலில் சேர்த்துவிட்டால் ஒருவரும் ஏய்க்க முடியாதே? (வாசகர், பரந்தன்)

பதில்: முடியாதுதான். ஆனால் இரணைமடுவுக்குக் கீழே வயல் உழும் லான்ட்மாஸ்டரும் தோட்டத்துக்கு நீரிறைக்கும் மெசினும் ரோட்டில் ஏறாமலே ரோட்டு வரி கட்டும். நான் இதற்கு ஆதரவில்லை.

கேள்வி: வான் பழுதாகி முற்றத்தில் நிற்கிறது. அதற்கும் வரியா? (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: பாவனையில் இல்லை என்று பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள் அம்மா. இல்லாவிட்டால் திருத்தி ஓட்டும் நாளில் நிலுவையும் சேர்த்துக் கேட்பார்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்கவேண்டாம்.