கை சுத்தமாகிவிட்டது என்று மூளை ஏன் ஒத்துக்கொள்ள மறுக்கிறது?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. ஒன்றரை வருடமாகக் கை கழுவுவதும், பூட்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்ப்பதுமாக இருக்கிறான். மனநல மருத்துவர் ஓசிடி (விடாத எண்ணங்களும் கட்டாயச் செயல்களும் வரும் மனநோய்) என்கிறார். ‘மூளையில் கெமிக்கல் குறைவு’ என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மூன்று வாரமாகியும் மாற்றமில்லை. மூளைக் கோளாறு என்றால் ஏன் ஸ்கேன் எடுக்கவில்லை? என் அப்பாவும் எதையும் பத்து முறை சரிபார்ப்பார். என் வழியாக வந்துவிட்டதா? தெரபிக்கும் போகச் சொல்கிறார்கள். மூளையில் இருக்கும் கோளாறு பேசினால் போய்விடுமா?

பதில்: உங்கள் மற்றக் கேள்விகள் எல்லாம் ‘கெமிக்கல் குறைவு’ என்ற அந்தச் சொல்லிலிருந்துதான் கிளைக்கின்றன, அம்மா. அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே சொல்லப்படும் கெமிக்கல், செரடோனின். மூளையின் நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் பொருள்களில் ஒன்று அது. 1960களின் கடைசியில், மனச்சோர்வுக்குக் கொடுத்துவந்த குளோமிப்ரமின் என்ற மருந்து ஓசிடியையும் தணிப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அது செரடோனினைக் கூட்டும் மருந்து. செரடோனினைத் தொடாத மற்ற மனச்சோர்வு மருந்துகள் ஓசிடிக்கு அவ்வளவாக உதவவில்லை. அதிலிருந்து வந்த ஊகம்தான் இந்தக் ‘குறைவு’. ஆனால் ஓசிடி உள்ளவருக்குச் செரடோனின் குறைந்திருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. இன்னொன்றையும் பாருங்கள். மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே செரடோனின் மாறத் தொடங்கிவிடுகிறது. குறைந்ததை நிரப்புவதுதான் அதன் வேலை என்றால் இரண்டு மூன்று நாளில் குணம் தெரிய வேண்டும். தெரிவதில்லை. நரம்பு இணைப்புகள் மெல்ல மெல்லத் தங்களை மாற்றிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகிறது. ஓசிடியில் 8 முதல் 12 வாரம் வரை பொறுக்க வேண்டியிருக்கும். மனச்சோர்வுக்குத் தருவதைவிட அதிக அளவும் பெரும்பாலும் தேவைப்படும். மூன்று வாரத்தில் மாற்றமில்லை என்பதை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

சரி, குறைவு இல்லை என்றால் என்னதான் நடக்கிறது?

உங்கள் மகன் கதவருகே நிற்பதை நினைத்துப் பாருங்கள். பூட்டியாகிவிட்டது. அவன் கண் பார்க்கிறது, கை இழுத்துப் பார்க்கிறது. கேட்டால் ‘பூட்டித்தான் இருக்கிறது’ என்று அவனே சொல்வான். ஆனால் நமக்கெல்லாம் சாவியை எடுத்ததும் தானாக வருமே, ‘சரி, முடிந்தது’ என்ற ஓர் உணர்வு, அது மட்டும் அவனுக்கு வருவதில்லை. அதனால்தான் திரும்பவும் இழுக்கிறான். அவன் அறிவில் குறையில்லை. சோம்பலோ பிடிவாதமோ இல்லை.

அந்த உணர்வு வர மூளையில் ஒரு சுற்று வேலை செய்ய வேண்டும். கண்குழிகளுக்கு மேலே, நெற்றியின் பின்புறம் உள்ள பகுதி ‘ஏதோ சரியில்லை’ என்று எச்சரிக்கிறது. அந்தச் செய்தி மூளையின் ஆழத்திலுள்ள காடேட் என்ற பகுதிக்குப் போய், தலாமஸ் என்ற இன்னொரு ஆழப் பகுதி வழியாக மறுபடி நெற்றிப் பகுதிக்கே திரும்புகிறது. வழக்கமாக எந்தச் செய்தி தொடர வேண்டும், எது அடங்க வேண்டும் என்பது நடுவழியில் வடிகட்டப்படும். ஓசிடியில் இந்தச் சுற்று சூடாகவே, அதாவது அளவுக்கு மீறிய சுறுசுறுப்போடு, ஓடிக்கொண்டிருப்பதை 1980களிலிருந்து பெட் ஸ்கேன் (மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் படம்) ஆய்வுகள் காட்டிவருகின்றன. மூளையின் மின் அலைகளிலும் இதற்குத் தடயம் உண்டு. எல்லோருக்குமே ஒரு தவறு செய்த நொடியில், பத்தில் ஒரு பங்கு நொடிக்குள், சிறிய மின் அலை ஒன்று எழும். ஓசிடி உள்ளவர்களுக்கு அது பொதுவாகவே பெரிதாக இருக்கிறது. தவறைச் சொல்லும் மணி அவர்களுக்குச் சற்று ஓங்கி அடிக்கிறது.

இது உடல் சார்ந்தது என்பதற்கான ஆதாரம் ஸ்கேனுக்கு முன்பே கிடைத்துவிட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிப் பரவிய ஒரு மூளை அழற்சி நோய், பிழைத்தவர்கள் பலரின் மூளையின் ஆழப் பகுதிகளைச் சேதப்படுத்தியது. அவர்களில் சிலருக்கு அதற்குப் பிறகு விடாத எண்ணங்களும் கட்டாயச் செயல்களும் வந்தன.

அப்படியானால் ஸ்கேன் ஏன் வேண்டாம் என்கிறோம்? நான் சொன்ன வித்தியாசங்கள் பல பேரின் சராசரியில்தான் தெரிகின்றன. ஒருவருடைய படத்தை மட்டும் வைத்து இவருக்கு ஓசிடி என்று சொல்ல முடியாது. வலிப்பு, கைகால் பலவீனம், நடையில் மாற்றம் இருந்தாலோ, வயதான பிறகு முதல் முறையாக ஓசிடி வந்தாலோ ஸ்கேன் அவசியம். இன்னொரு விதிவிலக்கு சிறு குழந்தைகள். தொண்டை நோய்த்தொற்றை ஒட்டி ஓரிரு நாளிலேயே ஓசிடி வெடித்துக் கிளம்பினால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். உங்கள் மகன் விஷயம் அப்படித் தெரியவில்லை.

பரம்பரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பங்கு உண்டு. இரட்டையர் ஆய்வுகளின்படி ஏறக்குறைய பாதிப் பங்கு. ஆனால் ‘ஓசிடி மரபணு’ என்று ஒன்று கிடையாது. மிகச் சிறிய பங்குள்ள பல மரபணுக்கள் சேர்ந்து ஒரு சாய்வைத் தருகின்றன, அவ்வளவுதான். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ ஓசிடி இருந்தால் வாய்ப்பு சில மடங்கு கூடும். அப்போதும் பெரும்பாலானோருக்கு வருவதில்லை. உங்கள் அப்பாவுக்கு இருந்தது ஓசிடிதானா என்பதும் தெரியாது. யார் வழியாக வந்திருந்தாலும் இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை.

இனி தெரபி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், ஓசிடி உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு மாத்திரை மட்டும், இன்னொரு பிரிவினருக்கு நடத்தை சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். குணம் கண்டவர்களுக்கு, இரண்டு பிரிவிலுமே, வலதுபக்கக் காடேட்டின் சூடு தணிந்திருந்தது. மாத்திரையே போடாதவர்களின் மூளையும் மாறியது! உங்கள் சந்தேகத்துக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

இந்த நடத்தை சிகிச்சை வெறும் பேச்சுமல்ல. கதவுக் கைப்பிடியைத் தொடுவான், கை கழுவாமல் இருப்பான். பதற்றம் ஏறும். தெரபிஸ்ட் பக்கத்திலேயே இருப்பார். கழுவாமலும் அதைத் தாங்க முடிகிறது, பயந்தது நடக்கவில்லை என்று அவன் மூளை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. எளிதானதில் தொடங்கிப் படிப்படியாகப் போவார்கள். மாத்திரை அந்த மணியோசையைக் கொஞ்சம் தணித்துக் கொடுத்தால் இந்தப் பயிற்சியும் எளிதாகும். அதனால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த மாத்திரைகளைத் தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் முதல் சில வாரங்கள் கவனம் தேவை. படபடப்பு, தூக்கமின்மை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தென்பட்டால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ‘கை சுத்தமாயிடுச்சாம்மா?’ என்று அவன் உங்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பான் என்று நினைக்கிறேன். ‘ஆயிடுச்சுப்பா’ என்று சொல்லாமல் எந்தத் தாயாலும் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பதிலும் இன்னொரு முறை கை கழுவுவது போலத்தான். அரைமணி நேர நிம்மதி தந்து, சுற்றை மறுபடி ஓடவிடும். சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், தவித்துப்போவான். அவன் அமைதியாக இருக்கும் நேரத்தில், தெரபிஸ்டையும் வைத்துக்கொண்டு, எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று மூன்று பேரும் பேசி வையுங்கள். ‘இது ஓசிடி கேட்கிற கேள்விப்பா, இதுக்கு நான் பதில் சொல்லலை. உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது. அடங்கற வரைக்கும் உன்கூடவே உட்கார்ந்திருக்கேன்’ என்று சொல்லலாம். சொல்லிவிட்டு, உட்கார்ந்தும் இருங்கள்.