படித்த இரண்டு வருடத்தை அங்கே எப்படி எண்ணுவார்கள்? மல்லாவித் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. கொழும்பில் தனியார் நிறுவனம் ஒன்றில் தகவல் தொழில்நுட்ப உயர் டிப்ளோமாவை முடித்திருக்கும் மகளை, கனடாவிலுள்ள சித்தப்பா, "படித்த இரண்டு வருடத்தையும் அங்கே கழிப்பார்கள், மிச்சம் இரண்டு வருடம்தான்" என்று சொல்லி அழைப்பதாகவும், அந்தக் கணக்கை நம்பி வயற்காணியில் ஒரு பகுதியை ஈடு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். காணியைப் பற்றிய முடிவு உங்களுடையது. ஆனால் அந்த 'மிச்சம் இரண்டு வருடம்' யார் போட்ட கணக்கு என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிள்ளை சேரப்போகும் பல்கலைக்கழகம் அதை எழுத்தில் தரும்வரை, அது சித்தப்பாவின் நல்லெண்ணமே தவிர வேறில்லை.

"பிள்ளை எல்லாப் பாடத்திலும் கிரெடிட் எடுத்தவள்" என்று எழுதியிருந்தீர்கள். சாதாரண தரத்தில் சி எடுப்பதைத் திறமைச் சித்தி என்றும் கிரெடிட் பாஸ் என்றும் சொல்லிப் பழகியதால் வரும் குழப்பம் இது. என்னிடம் வரும் பெற்றோர் பலரும் இதையே சொல்கிறார்கள். உயர்கல்வியில் கிரெடிட் என்பது பெறுபேற்றின் தரத்தை அல்ல, படிப்பின் அளவைக் குறிக்கிறது. உயர்கல்வித் தகைமைகளை மட்டம் மட்டமாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, விரிவுரை, செய்முறை, வீட்டுப் படிப்பு, பரீட்சை ஆயத்தம் எல்லாமாக ஒரு மாணவர் செலவிடும் 50 மணித்தியாலங்கள் ஒரு கிரெடிட் ஆகும். முழுநேரப் படிப்பில் வருடத்துக்கு 30; மூன்று வருடப் பட்டத்துக்கு 90, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. உயர் டிப்ளோமா அந்தச் சட்டகத்தின் 4ஆம் மட்டத்தில் 60 கிரெடிட்டுடன் நிற்கிறது.

இந்த எண் நாட்டுக்கு நாடு மாறும். பிரித்தானியாவில் ஒரு வருடப் படிப்பு 120 கிரெடிட் என்பதால், கொழும்பில் பலர் படிக்கும், பியர்சன் என்ற பிரித்தானிய நிறுவனத்தின் உயர் டிப்ளோமாவில் 240 என்று எழுதியிருக்கும். ஐரோப்பிய முறையில் ஒரு வருடத்துக்கு 60. ரொறன்ரோ பல்கலைக்கழகத்திலோ நான்கு வருடப் பட்டம் முழுவதற்குமே 20 கிரெடிட்தான். ஆகவே மகளின் பத்திரத்திலுள்ள எண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் யாரும் கூட்டல் கழித்தல் செய்ய வேண்டாம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு பல்கலைக்கழகம் வெளியில் படித்ததை ஏற்றுக்கொள்வது ஒரு முடிவு. ஏற்றுக்கொண்டதைப் பட்டத்தின் எந்தத் தேவைக்கு எதிராகக் கழிப்பது என்பது இன்னொரு முடிவு. நெல்லை விற்கப் போகிறவருக்கு இது புதிதல்ல. வீட்டில் 100 மூட்டை என்று எண்ணி ஏற்றினாலும், வாங்குபவர் தன் தராசில் நிறுத்து, ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கழித்துத்தான் கணக்கு முடிப்பார்; நாட்டரிசி நெல்லைச் சம்பா நெல்லின் விலைக்கு எடுக்கவும் மாட்டார். உதாரணத்துக்கு, மகள் படித்த 20 பாடங்களில் 14ஐ ஒரு பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 6 பாடங்கள் அங்குள்ள கட்டாயப் பாடங்களுக்கு ஈடாகலாம். மீதி 8உம் 'விருப்பப் பாடம்' என்ற பெட்டிக்குள் போடப்படலாம். பட்டத்துக்கு வேண்டிய விருப்பப் பாடங்கள் 4 மட்டுமே என்றால், ஏற்கப்பட்ட பாடங்களில் 4 பத்திரத்தில் இருக்கும், படிக்கும் காலத்தைக் குறைக்காது. அதற்கு மேல், இரண்டாம் வருடக் கணிதத்துக்கு முதலாம் வருடக் கணிதம் முன்நிபந்தனையாக இருந்து அந்த ஒரு பாடம் ஏற்கப்படாமல் போனால், அதைத் தொடரும் பாடங்கள் எல்லாம் ஒரு வருடம் பின்னுக்குப் போகும். வருடங்கள் கூடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முகவர்கள் இதைச் சொல்வதில்லை, பலருக்குத் தெரிவதுமில்லை.

இந்த முடிவை எடுப்பவர்கள் சில விடயங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். படித்த நிறுவனம் உரிய முறையில் அங்கீகரிக்கப்பட்டதா, பாடம் பட்ட மட்டத்தைச் சேர்ந்ததா, அதன் உள்ளடக்கம் தங்கள் பாடத்துடன் எவ்வளவு பொருந்துகிறது, படித்து எத்தனை வருடமாயிற்று என்பன அவை. கணினிப் பாடங்கள் விரைவில் பழையதாகக் கருதப்படும். வட அமெரிக்காவில் சி தரத்துக்குக் கீழே எடுத்த பாடங்களைப் பல இடங்களில் எண்ணுவதில்லை. எண்ணினாலும் கிரெடிட் மட்டுமே வந்து சேரும், தரப்புள்ளிச் சராசரி (ஜி.பி.ஏ.) புதிதாகத்தான் தொடங்கும். பட்டத்தின் குறிப்பிட்ட ஒரு பங்கைத் தங்களிடமே படிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் 120இல் குறைந்தது 30ஐத் தங்களிடம் எடுக்கச் சொல்கின்றன.

சித்தப்பா அனுப்பச் சொன்ன, வெளிநாட்டுத் தகைமைகளை மதிப்பிடும் 'வெஸ்' (World Education Services) நிறுவனத்தின் மதிப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த நிறுவனம் மகளின் டிப்ளோமா கனடாவில் எந்தத் தகைமைக்குச் சமம் என்று அறிக்கை தரும். குடிவரவு விண்ணப்பத்துக்கும் சில வேலைகளுக்கும் அது உதவும். ஆனால் எத்தனை பாடம் கழிப்பது என்பதில் அந்த அறிக்கை எந்தப் பல்கலைக்கழகத்தையும் கட்டுப்படுத்தாது.

உள்ளூரில் என்ன செய்யலாம் என்றும் கேட்டீர்கள். 2021 ஆகஸ்ட்டில் தனியான அரச பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் பக்கத்திலேயே இருந்தாலும், அரச பல்கலைக்கழகங்களின் உள்வாரி அனுமதி, உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளியின் வழியே நடப்பது. தனியார் டிப்ளோமாவைக் காட்டி மூன்றாம் வருடத்தில் சேரும் வழமை இல்லை. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் முன்னர் படித்தவற்றுக்கு விலக்களிப்புக் கோர இடம் தருகிறது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் இறுதி வருடத்தை மட்டும் கொழும்பில் படிக்கும் வழியும் இருக்கிறது. மகளின் நிறுவனத்துக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே எழுத்திலான உடன்பாடு இருந்தால், 360இல் 240 அப்படியே கழிக்கப்படும். என் பார்வையில் அவளுடைய இரண்டு வருடம் வீணாகாமல் போய்ச் சேரக்கூடிய இடம் அதுதான். கனடாவை முதுகலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். இந்த வழியை எடுப்பதானால் அந்தப் பிரித்தானியப் பல்கலைக்கழகம், இங்குள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும் சர்வதேசப் பட்டியல்களில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். பட்டத்தை ஓர் உள்ளூர் நிறுவனமே வழங்குவதாகச் சொன்னால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ், குறித்த அந்தப் பட்டத்துக்கே அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் என்.வி.கியூ (தேசிய தொழிற் தகைமை) படிக்கும் உங்கள் மகனுக்கு இந்தக் கவலை குறைவு. என்.வி.கியூ 5, 6, 7 ஆகியவை தகைமைச் சட்டகத்தின் 3, 4, 5ஆம் மட்டங்களுடன் இணைக்கப்பட்டிருக்கின்றன. 5 அல்லது 6ஐ முடித்தால் இரத்மலானையிலுள்ள யுனிவோடெக் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

மகள் இப்போதே செய்யவேண்டியது ஒன்று உண்டு. பெறுபேற்றுப் பட்டியல் மட்டும் போதாது; ஒவ்வொரு பாடத்துக்கும் என்ன கற்பிக்கப்பட்டது, எத்தனை மணித்தியாலம், எந்த நூல்கள், எப்படி மதிப்பிட்டார்கள் என்பதைக் காட்டும் விரிவான பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில், நிறுவனத்தின் முத்திரையுடன் வாங்கி வைக்க வேண்டும். பாடத்திட்டம் மாறினாலோ நிறுவனமே மூடப்பட்டாலோ பிறகு தேடி எடுக்க முடியாது. 2009இல் போரின்போது சான்றிதழ்களை இழந்து, பின்னர் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து பிரதிகள் பெற அலைந்த குடும்பங்கள் நிறைந்த மண்ணில் இதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. சாதாரண தரப் பெறுபேற்றுக்குப் பிரதி தரத் திணைக்களம் ஒன்று இருந்தது. தனியார் நிறுவனத்தின் பாடத்திட்டத்துக்கு அப்படி ஒரு திணைக்களம் இல்லை.

அவற்றை இணைத்து, அவள் விரும்பும் பல்கலைக்கழகத்தின் அனுமதி அலுவலகத்துக்கு அவளே மின்னஞ்சல் அனுப்பட்டும். சித்தப்பா வழியாகவும் வேண்டாம், முகவர் வழியாகவும் வேண்டாம். எந்தெந்தப் பாடம் ஏற்கப்படும், ஒவ்வொன்றும் எந்தக் கட்டாயப் பாடத்துக்கு ஈடாகும், பட்டத்தை முடிக்க இன்னும் எத்தனை தவணை தேவை என்ற மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். சில இடங்களில் அனுமதி கிடைத்த பிறகே இதை மதிப்பிடுவார்கள்; அப்படியானால் மதிப்பீடு கைக்கு வரும் திகதிக்கும், கட்டிய முற்பணத்தைத் திருப்பிக் கேட்கக்கூடிய கடைசித் திகதிக்கும் இடையே எத்தனை நாள் இருக்கிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள். பதிலை அச்செடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். பாடம் பாடமாக இருந்து பார்ப்போம். அதுவரை காணி உறுதி வீட்டிலேயே இருக்கட்டும்.