ஸ்டீலா அலுமினியமா என்பது இரண்டாவது கேள்வி

பாறையும் சேறும் கலந்த பாதைகளில் ஓட்டுவதற்காக ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியிருப்பதாகவும், அதன் அடிப்பாகத்தைப் பாறை அடியிலிருந்து காக்கும் தகடான ஸ்கிட் பிளேட் போடுவதென்றால் ஸ்டீல் நல்லதா, அலுமினியம் நல்லதா, எத்தனை மில்லிமீட்டர் தடிமன் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே கேள்வியோடுதான் தொடங்கினேன். தடிமன்தான் காப்பு என்று நம்பி 5 மி.மீ. ஸ்டீல் தகடு ஒன்றை மாட்டினேன். அதன் முன் விளிம்பு, வண்டியைத் தாங்கும் சட்டமான சேஸிஸில் பூட்டப்பட்டிருந்தது. பின் விளிம்போ, வேலை சுலபமாக முடியட்டும் என்று, கியர்பாக்ஸ் உறையில் இருந்த துளைகளிலேயே பூட்டப்பட்டிருந்தது. முழங்கால் உயரப் பாறை ஒன்றிலிருந்து இறங்கும்போது வண்டி சற்று வேகமாகவே உட்கார்ந்துவிட்டது. கீழே படுத்துப் பார்த்தபோது தகட்டில் ஒரு பளபளப்பான கீறலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் கியர்பாக்ஸ் வார்ப்பின் காது ஒன்று முறிந்து, தன்னுள் இறங்கியிருந்த போல்ட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. காக்க வந்த தகடே அதை உடைத்திருந்தது.

ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, போல்ட்டுகள் எங்கே போய் இறங்குகின்றன என்பதைத்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் அசைந்துகொண்டே இருப்பவை. அவற்றின் உறை பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு என்பதால், அடி விழுந்தால் அது வளைந்துகொடுக்காது, விரிசல்தான் விடும். தகடு வாங்கும் அடி நேராகச் சேஸிஸ் சட்டத்துக்கோ, அதன் குறுக்கே ஓடும் கிராஸ் மெம்பருக்கோ போய்ச் சேர வேண்டும். தனிச் சேஸிஸ் இல்லாத மோனோகாக் வண்டி என்றால், அந்த மாடலுக்கென்றே வடிவமைத்து, எஞ்சினைத் தாங்கும் துணைச் சட்டமான சப்ஃபிரேமில் பூட்டும் தகட்டை மட்டுமே வாங்குங்கள்; மோதலின்போது மடங்கி வேகத்தை உள்வாங்க வேண்டிய பகுதியைக் கண்டபடி பூட்டிய ஒரு தகடு விறைப்பாக்கிவிட்டால், ஏர்பேக் விரியும் நேரம் வரை எல்லாம் மாறிப்போகலாம்.

அடுத்து, கையில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியின் கீழே படுத்து, எது தாழ்வாகத் தொங்குகிறது, எது உடைந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும் என்று பாருங்கள். ஆயில் சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி), எரிபொருள் டேங்க், ரேடியேட்டரின் கீழ் விளிம்பு, ஸ்டீயரிங் ராடுகள் ஆகியவை பெரும்பாலான ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்குப் பொது. இவற்றுள் சம்ப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். வார்ப்பு அலுமினிய சம்ப் உடைந்தால் ஆயில் ஒழுகுவது கண்ணுக்குத் தெரியும். உடனே எஞ்சினை அணைப்பீர்கள். அழுத்தி வளைத்த ஸ்டீல் சம்ப்போ உடையாமல் உள்ளே குழிந்துவிடும். ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலை சம்ப்பின் அடியிலிருந்து மிகச் சிறிய இடைவெளியில்தான் நிற்கிறது; குழிந்த தகரம் அந்த வலையை ஒட்டிக்கொண்டால், ஒரு சொட்டுக்கூடக் கீழே ஒழுகாமலேயே எஞ்சினுக்கு ஆயில் போவது நின்றுவிடும். சம்ப்பில் அடி பட்டதாகச் சந்தேகம் வந்தால், ஒழுகல் இல்லை என்று நிம்மதி அடையாமல், ஆயில் பிரஷர் விளக்கைப் பார்த்த பிறகே நகருங்கள்.

தொழிற்சாலையிலிருந்தே ஒரு தகடு வந்திருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். தட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் அது பிளாஸ்டிக். மற்றவற்றில் பெரும்பாலும் மெல்லிய தகரம். சேறும் சிறு கற்களும் மேலே தெறிக்காமல் தடுப்பதற்காக அதைப் போட்டிருப்பார்கள். வண்டியின் எடையைத் தாங்கிப் பாறைமேல் சறுக்குவதற்காக அன்று.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்டீலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7.85 கிராம், அலுமினியத்தினுடையது 2.7. எனவே 4 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் ஸ்டீல் 31 கிலோவுக்குச் சற்று மேல் எடையிருக்கும், 6 மி.மீ. தடிமனில் அதே பரப்புள்ள அலுமினியம் 16 கிலோ அளவிலேயே நின்றுவிடும். சம தடிமனில் அலுமினியத்தின் விறைப்பு ஸ்டீலினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் தடிமன் இரட்டித்தால் தகட்டின் விறைப்பு எட்டு மடங்காகும் என்பதால், 6 மி.மீ. அலுமினியம் 4 மி.மீ. ஸ்டீலைவிடச் சற்றுக் கூடுதல் விறைப்பாகவே இருக்கும், அதுவும் பாதி எடையில். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் ஸ்டீலை யாரும் வாங்க மாட்டார்கள்.

பாறையோ வேறு கணக்குப் போடுகிறது. ஸ்டீல் பாறைமேல் கிரீச்சிட்டுக்கொண்டே வழுக்கிப் போய்விடும். அலுமினியம் மென்மையானது என்பதால், கூரான பாறை முனை அதற்குள் இறங்கி, ஏர் உழுதது போல் ஒரு பள்ளத்தை இழுத்து, சில நேரம் வண்டியையே பிடித்து நிறுத்திவிடும். வளைந்த ஸ்டீலைச் சுத்தியலால் தட்டி நேராக்கலாம், எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒட்டவைக்கலாம். கிழிந்த அலுமினியத்தை ஒட்ட அதற்கேற்ற கருவியும் பழகிய கையும் வேண்டும். துருவைப் பொறுத்தவரை அலுமினியம் மேல்தான், ஆனால் உப்பு ஈரத்தில் அது ஸ்டீல் போல்ட்டைத் தொடும் இடங்களில் அரிக்கப்படும் என்பதால், நடுவே நைலான் வாஷர் ஒன்று இருப்பது நல்லது. மணலும் மண் தடமும் நெடுந்தூரப் பயணமும்தான் உங்கள் வழக்கம் என்றால் 6 மி.மீ. அலுமினியம் போதும். அடிப்பாகத்தைப் பாறைமேல் வைத்து இழுப்பது உங்களுக்கு அன்றாடம் என்றால், சம்ப்புக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் 4 மி.மீ. ஸ்டீலை எடுத்துக்கொள்ளுங்கள், 5 மி.மீ. எடுத்து நான் எதையும் சாதிக்கவில்லை. தடித்த பாலிஎதிலீன் தகடுகளும் உண்டு. அவை எல்லாவற்றையும்விட நன்றாக வழுக்கும், ஆனால் சுமார் 130 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்குவதால் சைலன்சர் குழாயின் பக்கத்தில் அவற்றுக்கு இடமில்லை.

எதை வாங்கினாலும், தகட்டுக்கும் அது காக்கும் பாகத்துக்கும் நடுவே இரண்டு விரல் அகலமாவது இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். தகடு வளைந்துதான் அடியை வாங்கும். வளைய இடமில்லையென்றால் அடி நேரே சம்ப்புக்குப் போய்விடும். அதே சமயம், தகடு கீழிறங்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் தரை இடைவெளியில் கழிகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பல துண்டுகளாக வரும் தொகுதியில் கூரை ஓடு அடுக்குவது போல, முன் தகட்டின் பின் விளிம்பு அடுத்த தகட்டுக்குக் கீழே வர வேண்டும்; மாறி அமைந்தால் முன்னே போகும்போது ஒவ்வொரு விளிம்பும் பாறையில் மாட்டும்.

ஆயில் வடிக்கும் துளை சரியான இடத்தில், கை நுழையும் அகலத்தில் இருக்க வேண்டும். என் முதல் தகட்டில் அது இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருந்ததால், ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் பாதி தகட்டுக்குள் தேங்கி, பல நாள் சொட்டிக்கொண்டே இருந்தது. உண்மையான ஒழுகல் எது, மிச்ச ஆயில் எது என்று பிரிக்கவே முடியவில்லை. சேறு வெளியேறவும் வழி வேண்டும். காய்ந்த புல் தகட்டுக்கு மேலே சேர்ந்து சைலன்சரைத் தொட்டால் தீப்பிடிக்கும் என்பதால், புல்வெளி கடந்த ஒவ்வொரு நாளும் குனிந்து பார்த்து, சேர்ந்திருப்பதை உருவிப் போடுங்கள்.

ரேடியேட்டரிலிருந்து டேங்க் வரை முழுத் தொகுதியையும் ஸ்டீலில் போட்டால் ஓர் ஆள் எடை கூடிவிடும்; அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்டாமல், சம்ப்பில் தொடங்கி, கீறல் எங்கெல்லாம் விழுகிறதோ அங்கெல்லாம் சேர்த்துக்கொண்டு போவதே என் வழக்கம். அச்சின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலுக்குப் பெரும்பாலும் தனிக் கவசம் தேவைப்படாது. திட அச்சுள்ள வண்டிகளில் அதன் உறையே போதுமான வலுவுடன் இருக்கும்.

போல்ட் தலைகள் தகட்டுக்குள் பதிந்திருக்க வேண்டும், வெளியே துருத்தும் தலை இரண்டே பயணங்களில் தேய்ந்து உருண்டையாகி ஸ்பேனருக்குப் பிடி கொடுக்காது. மாட்டும்போது புரிகளில் கிரீஸ் தடவுங்கள், முதல் பயணம் முடிந்ததும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். சேஸிஸுக்குள் பற்றவைத்த நட்டு ஒன்று துருவேறி விடுபட்டு, போல்ட்டோடு சேர்ந்து சுற்றத் தொடங்கிவிட்டால், தகட்டைக் கழற்ற அந்த போல்ட்டை அறுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.